ஆறு நாற்பது பஸ்ஸின் இருபத்திரண்டு பாட்டுகள்

கண்ணாடி மேசையின் மேல் இரண்டு கைகள் துண்டுச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. வலது கை ஒரு சீட்டை எடுக்கும்; மடிப்பை நீவி, விளக்குக்கு நேரே பிடிக்கும். இடது கை அதற்குரிய குவியலைத் தேடி வைக்கும். சிகரட் பெட்டி அட்டை, கிழித்த நாட்காட்டித் தாள், கொப்பி ஒற்றை, தேயிலைப் பொட்டலத்தின் உட்பக்கம் என்று சீட்டுகள் பல தினுசு. எல்லாவற்றிலும் பாட்டுகள் எழுதியிருந்தன. பாட்டின் முதல் வரி தெரிந்தவர்கள் வரியை எழுதியிருந்தார்கள். தெரியாதவர்கள், ‘விசில் அடிக்கிற பாட்டு’, ‘வளையல் ஒடையிற பாட்டு’, ‘போன கிழமை கங்காணி வீட்டுச் சடங்கில் மூணாவதாகப் போட்டது’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு குவியலில் ஐம்பது சேர்ந்ததும் கைகள் அதற்கு றப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்தன.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் பைஸர். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். தொலைபேசி விற்பதைவிட பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதில்தான் அவருக்கு நல்ல ஓட்டம். தொண்ணூறாம் ஆண்டு, பதினான்கு வயதில், மாமாவின் ரெக்கோர்டிங் பார் என்கிற கசெட் கடைக்கு வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர் கசெட்டில் பதிந்து வைப்பார். வேலை முடிந்தால் சீட்டு குப்பைக்குப் போகும். பைஸர் மட்டும் போடவில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் காட்டலாம் என்று பிஸ்கட் டின்களில் சேர்த்து வைத்தார். சண்டைக்கு ஒருவரும் வரவில்லை. டின்கள் பதினொன்று சேர்ந்துவிட்டன.

அந்தப் பதினொரு டின்களையும் திறக்க வைத்தவர் சண்முகராஜா. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குக் காலை ஆறு நாற்பதுக்குப் போகும் பஸ் அவருடையது. அவரே முதலாளி, அவரே டிரைவர். அவருக்கு முன்னால் போகும் பஸ்ஸில் பெரிய திரை வைத்துப் புதுப் பாட்டாகக் காட்டுகிறார்கள். இளவட்டங்கள் எல்லாம் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

“நமக்கு ஏறுறது பூரா நாப்பதும் அம்பதும்தான் நானா. அவுங்க வயசுல இருந்த காலத்துப் பாட்டா வேணும். தொண்ணூறுகள்ல வந்ததுல ஆகச் சிறந்தது எதுவோ அதைப் போட்டுத் தாங்க,” என்றார் சண்முகராஜா. ஹட்டனில் முஸ்லிம் அண்ணன்மாருக்கு ‘நானா’ என்றுதான் அழைப்பு.

“ஆகச் சிறந்தது எண்டு யார் செல்றது?”

“நீங்கதான்.”

“நான் சென்னா அது எனக்குப் புடிச்சது. ஆகச் சிறந்ததுக்கு எண்ணிப் பாக்கணும்.”

அப்படித்தான் எண்ணத் தொடங்கினார். ஒன்பது நாள் எண்ணினார். ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கு. ஒரே ஆள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால் அதுவும் ஒன்றுதான். இந்த விதியால் முதலில் அடிபட்டவர் சண்முகராஜாவே.

“இந்தாங்க, ஒங்கட கையெழுத்து,” என்று பைஸர் ஒரு சின்னக் குவியலை நகர்த்தினார். “அதே பன்னெண்டு பாட்டு. அதே ஒழுங்கு. எட்டுக் கசெட். எட்டுக்கும் மேல வேற வேற பொம்புளப் புள்ளட பேரு.”

சண்முகராஜா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “மெதுவா பேசுங்க நானா. எம் பொண்டாட்டி யோகேஸ்வரி முன்னால கடையில சாமான் வாங்கிக்கிட்டு இருக்கா.”

“அவட பேரு இதுல இல்லயே.”

“அதாங்க பிரச்சினையே!”

எட்டு வாக்கு ஒன்றாகக் குறைந்தது. முந்நூற்றுப் பதினொரு சீட்டோடு முதலாவதாக வந்தது ‘குடைப் பாட்டு’. அந்தப் பாட்டில் குடை கிடையாது, மழைகூடக் கிடையாது. அதை முதன்முதலில் கேட்டு வந்தவர் சந்தியில் குடை திருத்துகிறவர். அதனால் ஹட்டனில் அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பைஸர் இருபத்தைந்து பாட்டைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் இல்லாத பதிவாகத் தேடிப்பிடித்து, சத்தத்தை ஒரே அளவாக்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பஸ் அந்தப் பாட்டுகளோடு புறப்பட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு சண்முகராஜா கடைக்குள் நுழைந்தபோது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

“நானா, ஒங்க பாட்டு என்னைய நடுத்தெருவுல நிப்பாட்டிருச்சு.”

“ஏன், பாட்டு நிண்டு போச்சா?”

“நின்னிருந்தாப் பரவாயில்ல. பாட்டு ஜோரா ஓடிச்சு. சனம் எறங்க மாட்டேங்குது! ஒம்பது பேரு அவங்கவங்க எறங்குற எறக்கத்தைத் தவற விட்டுட்டாங்க. வளைவுல நிப்பாட்டு, பாலத்துல நிப்பாட்டுன்னு அங்கங்க கத்துறாங்க. நான் எங்கன்னு நிப்பாட்டுவேன்? பதினாலு நிமிஷம் லேட்டு. டைம் கீப்பர் தாளுல செவப்புக் கோடு போட்டுட்டார்.”

டயர் வெடித்துத் தாமதமானதற்காக அந்த மாதம் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. இது இரண்டாவது. ஒரே மாதத்தில் மூன்று விழுந்தால் ஆறு நாற்பதுக்குப் புறப்படும் முறை வேறு பஸ்ஸுக்குப் போய்விடும். சண்முகராஜாவுக்குக் கிடைப்பது சனமே இல்லாத பகல் இரண்டு மணி முறை. மாதம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

“அப்ப பாட்டை நிப்பாட்டி வைங்க,” என்றார் பைஸர்.

“வரும்போது நிப்பாட்டிப் பாத்தேனே. ‘என்னாங்க, எழவு வீட்டுக்கா போறோம்’னு கேக்குறாங்க. இனிமே பாட்டு இல்லாட்டி ஏற மாட்டாங்க. ஒண்ணு செய்யலாம் நானா. ரெண்டு நல்ல பாட்டுக்கு நடுவுல ஒரு மொக்கைப் பாட்டு போடுங்க. அது ஓடையில சனம் எறங்கிரும்.”

பைஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “மொக்கைப் பாட்டுக்கு வேற கட ஈக்கி, அங்க போங்க. ஆகச் சிறந்தது எண்டு கேட்டீங்க; அது மட்டும்தான் எங்கட கையால வரும். நாளைக்கு நானும் பஸ்ஸுல வாரன்.”

வீட்டில் மனைவி கமறியா இதைக் கேட்டுச் சிரித்தாள். “பஸ்ஸுல ஏறின ஆள் எறங்காட்டி அதுக்கு நீங்களா பொறுப்பு? டிக்கட் குடுக்கிறது நீங்களா?”

“பாட்டு குடுத்தது நான்தானே.”

“அப்ப கடைய யார் தொறக்கிற?”

பைஸர் கடைச் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். மறுநாளிலிருந்து காலைகளில் கடையைத் திறந்தவள் கமறியா.

செவ்வாய்க்கிழமை அவர் கண்டக்டர் கிஷாந்துக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில் உட்கார்ந்தார். மடியில் கொப்பி, கையில் கடிகாரம். கொப்பியில் ‘மறந்தவர்கள்’ என்று தலைப்பிட்டு மூன்று கட்டம் போட்டிருந்தார்: பாட்டு, இடம், எத்தனை பேர். ஒரு பாட்டின் எந்தப் பகுதியில் ஆட்கள் தம்மை மறக்கிறார்கள் என்று தெரிந்தால் வழி பிறக்கும் என்பது அவர் கணக்கு. பட்டென்று நிறுத்த வசதியாக, அன்று பாட்டுகளைத் தன் தொலைபேசியிலிருந்து அவரே போட்டார்.

கிஷாந்துக்கு இருபத்தாறு வயது. தொண்ணூறுகளின் கடைசியில்தான் பிறந்தவன். “பாலத்தடி! பாலத்தடி எறக்கம்!” என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். பஸ்ஸில் பாதிப் பேர் உதடசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

“பாருங்க நானா, நான் ஒரு மனுசன் இங்க கத்துறேன். காது கேக்காத கூட்டத்துக்கு டிக்கட் குடுக்குற மாதிரி இருக்கு.”

பாலத்தடி போய்விட்டது. பைஸர் முன் ஆசனத்தில் இருந்த பெண்ணைக் கவனித்தார். மீனம்மா, கொட்டகலையில் ஏறி நாள்தோறும் பாலத்தடியில் இறங்குபவள், ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் கட்டி, நேராக உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, ஒங்கட எறக்கம் பெய்த்து,” என்றார் பைஸர்.

“தெரியுங்க.”

“தெரியுமா? அப்ப ஏன் எறங்கல்ல?”

மீனம்மா அவரை மரியாதை தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஒரு ஆளு பாடிக்கிட்டு இருக்கையில எப்புடிங்க எழும்பிப் போறது?”

“இது போன்ல வார பாட்டுக்கா. நாளைக்கும் வரும். இப்ப அமத்தினா இப்பவும் வரும்.”

“அப்புடித்தான் சொல்லுவாங்க. தொண்ணூத்தி நாலுல எங்க லயத்துல அத்தனை வீட்டுக்கும் ஒரே ஒரு ரேடியோ. இதே பாட்டு வந்துச்சு. பைப்புல தண்ணி வந்துருச்சுன்னு கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். கொடம் நெரம்பிச்சு; பாட்டு போயிருச்சு. திருப்பிக் கேக்க ஏழு மாசம் ஆச்சு. அதுக்குப் பொறவு பாட்டு பாதியில இருக்கையில நான் எழும்புறதில்ல.”

“நானுந்தான்,” என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

“முடியட்டும்னு இருந்தேன்,” என்றார் ஜன்னலோரத்தில் இருந்த ஒரு தோட்டத்துக் கிளாக்கர். “எனக்கு எறக்கம் அதுக்கு முன்னாடியே போயிருச்சு.”

“அடப்பாவிங்களா!” என்று கிஷாந்த் தலையில் கையை வைத்தான். “தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்து இருந்தீங்களா?”

பாட்டு முடிந்தது. மீனம்மா எழுந்தாள், மணியை அடித்தாள், சாவகாசமாக இறங்கினாள். பின்னால் நடந்து போக அவளுக்குக் கால் மைல். முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. பைஸர் கொப்பியில் ‘மறந்தவர்கள்’ என்ற தலைப்பை ஒரே கோடாக வெட்டினார். இத்தனை வருடம் பாட்டு விற்றும் தன் ஊர்ச் சனத்தின் இந்த ஒரு பழக்கம் தெரியாமல் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தார். பதியும்போது முதல் பத்து நொடியும் கடைசிப் பத்து நொடியும்தான் அவர் கேட்பது.

நோய் தெரிந்ததும் மருந்து சுலபமாகத் தெரிந்தது. பாட்டு முடிகிற இடத்தில் இறக்கம் இருக்க வேண்டும். முந்திய இறக்கத்திலிருந்து பாலத்தடிக்குப் போக ஐந்து நிமிடமும் பத்து நொடியும் என்றால், அந்த நீளமுள்ள பாட்டு அங்கே. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ஆட்கள் இறங்கும் பெரிய இறக்கங்களைக் கணக்கிட்டால் பாதை இருபத்தொரு துண்டு. எனவே இருபத்தொரு பாட்டு. அன்று மீதிப் பாதையில் பாட்டை நிறுத்தி, பஸ் பிந்தாமல் பார்த்துக்கொண்டார். மறுநாள் பாட்டில்லாமலே எல்லாத் துண்டுகளையும் நொடி தவறாமல் அளந்தார். இரண்டு நாளாக இல்லாத பசிகூட அவருக்கு மெல்ல எடுத்தது. கிஷாந்த் வாங்கி வந்த பருப்பு வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

வியாழக்கிழமை அளந்த கணக்கு முழுவதும் பிழைத்தது.

வளையல் ஒடையிற பாட்டு, ‘பழைய ஸ்டோர்’ என்கிற இறக்கத்துக்குச் சரியாக வந்து முடிய வேண்டியது. பஸ் முக்கால் நிமிடம் முந்திப்போய் நின்றது. அடுத்தது ஓர் அழுகைப் பாட்டு. அது முடிந்தும் பஸ் இறக்கத்தை எட்டவே இல்லை. பைஸர் கடிகாரத்தை ஆட்டிப் பார்த்தார். பிறகு மெல்ல எட்டி, டிரைவர் ஆசனத்தைப் பார்த்தார். அடுத்து வந்த ஆட்டப் பாட்டுக்கு சண்முகராஜாவின் தோள் குலுங்கியது. கால் அக்சலேட்டரில் தாளம் போட்டது. மறுபடி ஓர் அழுகைப் பாட்டு வந்ததும் ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டு ஊர்வலத்துக்குப் பின்னால் போவதுபோல பஸ்ஸை உருட்டினார்.

“சண்முகம்!” என்று பைஸர் சத்தம் போட்டார். “பாட்டுக்கா வண்டி ஓட்றீங்க?”

“ரோட்டுக்குத்தான் ஓட்றேன்.”

“பொய். சோகப் பாட்டுக்கு மூணாங் கியர், டப்பாங்குத்துக்கு நாலாங் கியர். எழுதி வச்சிருக்கன்.”

“மனுசன்னா கொஞ்சம் ஒணர்ச்சி இருக்குங்க நானா!”

“அந்த ஒணர்ச்சிதான் எட்டுக் கசெட் பதிஞ்சது.”

“எட்டா?” என்றான் கிஷாந்த். “என்ன எட்டு?”

“நீ டிக்கட்டைக் குடுடா,” என்று சண்முகராஜா உறுமினார். ஆயினும் அன்றைக்கு நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது, சேர வேண்டிய எட்டு நாற்பதுக்கு இன்னும் அரை நிமிடம் இருந்தது. கோடு விழவில்லை.

சண்முகராஜாவின் உணர்ச்சியைத் திருத்த முடியாது என்பது பைஸருக்கு இரண்டு நாளில் விளங்கிவிட்டது. ஆளை விட்டுவிட்டுக் கணக்கைத் திருத்தினார். ஒவ்வொரு பாட்டுக்கும் சண்முகராஜா எந்த வேகத்தில் போவார் என்று தனியாகக் குறித்தார். பஸ் எப்படியும் ஊர்ந்துதான் ஆக வேண்டிய ஏற்றங்களில் அழுகைப் பாட்டுகளை வைத்தார். அங்கே அழுதாலும் சிரித்தாலும் இரண்டாம் கியர்தான். வளைவு அதிகமுள்ள துண்டுகளில் ஆட்டப் பாட்டு ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டார். இப்படி மாற்றி மாற்றி அடுக்கியதில் இருபத்தைந்தில் நான்கு பாட்டு எந்தத் துண்டிலும் பொருந்தாமல் வெளியே நின்றன. மூன்று போனால் போகட்டும். பட்டியலின் அடியில் கிடந்தவை. நான்காவது, குடைப் பாட்டு.

முந்நூற்றுப் பதினொரு சீட்டு. ஆறு நிமிடமும் இருபது நொடியும். பாதையில் அவ்வளவு நீளமான துண்டே இல்லை. பாட்டை வெட்டலாம் என்றான் கிஷாந்த். கடைசிச் சரணத்தை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

“மீனம்மாவுக்குத் தெரியும்,” என்றார் பைஸர்.

அன்று வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. முதலாவது இல்லாமல் ஆகச் சிறந்தது என்று ஒரு பட்டியலைக் கொடுப்பதா? சனம் கேட்டால் என்ன சொல்வது? பாதை நீளம் போதாது என்றா?

“பஸ் நிக்கிற நேரத்துல என்ன போட்றீங்க?” என்று கேட்டாள் கமறியா.

“நிக்கிற நேரம் எண்டா?”

“ஹட்டன் ஸ்டாண்டுல. ஆள் ஏத்திக்கிட்டு ஏழெட்டு நிமிஷம் சும்மாதானே நிக்கும். கடைக்கு முன்னுக்குத்தானே, நான் பாக்கிறன்.”

“அது சத்தமான எடம். கச்சான் கடலை விக்கிறவன் கத்துவான், முன்னுக்குப் போற பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். முதலாவதா வந்த பாட்டைக் கொண்டுபோய் அங்க போட்றதா?”

“போற பாதையில ஒரு ஆளும் எறங்காத எடம் அது ஒண்டுதான். ஏறத்தான் வருவாங்க. இப்ப சோத்தத் தின்னுங்க.”

பைஸர் சோற்றைத் தின்றார். மறுசோறும் வாங்கித் தின்றார்.

மறு செவ்வாய்க்கிழமை ஆறு முப்பத்து மூன்றுக்கு ஹட்டன் நிலையத்தில் குடைப் பாட்டு தொடங்கியது. முன்னால் நின்ற பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த இரண்டு பெண்கள் அந்தக் காலை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். மரக்கறிச் சாக்கோடு நின்ற ஒருவர் சாக்கைக் கீழே வைக்காமலே கடைசிவரை கேட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்த பிறகுதான் “இது எங்க போற பஸ்?” என்று விசாரித்தார். பாட்டு முடிந்தபோது ஆறு நாற்பதுக்கு நாற்பது நொடி இருந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை.

அதற்குப் பிறகு பைஸர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாட்டு முடிய இறக்கம் வந்தது. இறக்கத்தில் ஆட்கள் எழுந்தார்கள். பாலத்தடியில் கடைசித் தாளம் ஓய்ந்த இடத்தில் கிஷாந்தின் குரல் தனியாக ஒலித்தது. மீனம்மா எழுந்து, படியில் நின்று திரும்பி, “இன்னைக்கு நேரத்தோட முடிச்சுட்டாங்க,” என்றாள், பாடகரே பஸ்ஸுக்குள் இருப்பதுபோல.

லிந்துலை தாண்டி மூடுபனி இறங்கியது. சண்முகராஜா விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போக, பாட்டு அரை நிமிடம் முந்தி முடிந்து அடுத்த பாட்டின் முன் இசை தொடங்கிவிட்டது. கோயிலடியில் இறங்க எழுந்த இரண்டு பெண்கள் அப்படியே மறுபடி உட்கார்ந்தார்கள். கிஷாந்த் ஒரு பாய்ச்சலில் நடுவுக்கு வந்தான்.

“அக்கா, அக்கா! இன்னும் பாடத் தொடங்கல! இது சும்மா வயலின்! வயலினுக்கு எறங்கலாம், குத்தமில்ல! எறங்குங்க, எறங்குங்க!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாடலதானே,” என்றாள் ஒருத்தி. பாடகர் வாய் திறப்பதற்குள் இருவரும் தரையில் நின்றார்கள். ‘பனித் துண்டுகளுக்குப் பின்னால் முன் இசை நீளமான பாட்டு’ என்று பைஸர் குறித்துக்கொண்டார்.

நுவரெலியா நிலையத்தில் டைம் கீப்பரின் மணிக்கூடு எட்டு முப்பத்தெட்டு காட்டியது. அவர் நீலப் பேனையால் எழுதினார். சண்முகராஜா ஜன்னல் வழியாக அந்தப் பேனையின் நிறத்தை இரண்டு தரம் பார்த்தார்.

“முடிஞ்சுது நானா! பென்டிரைவைத் தாங்க.”

“எங்க முடிஞ்சது? திரும்பிப் போற பாதை?”

“அதே பாட்டைப் போட்டாப் போச்சு.”

“போற வழியில ஏத்தமா ஈந்தது வார வழியில பள்ளம். ஒங்கட சோகப் பாட்டுக்கு அங்க யார் கியரப் புடிச்சு வைக்கிற?”

இன்னும் மூன்று நாள் அவர் இறங்கும் பாதையை அளந்தார். அந்த நாட்களில் காலைப் பாட்டையும் அவரே தொலைபேசியிலிருந்து போட்டார்; ஒரு நாளும் பஸ் பிந்தவில்லை. இறங்கும் பாதைக்கு அதே இருபத்திரண்டு பாட்டு. ஒழுங்கு மட்டும் வேறு. கடைசி நாள் கடையில் உட்கார்ந்து இரண்டு பென்டிரைவிலும் பாட்டை ஏற்றினார். பிறகு அவற்றைத் தனியே போட்டு முதல் தடவையாக இருபத்திரண்டையும் முழுதாகக் கேட்டார். நடுவில் சார்ஜர் கேட்டு வந்தவரை, “பாட்டு முடியட்டும்,” என்று கையைக் காட்டி நிற்க வைத்தார். கமறியா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றுக்குப் பச்சை நூலும் மற்றதற்குச் சிவப்பு நூலும் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

புது மாதத்தின் முதல் நாள். ஆறு முப்பதுக்கு நிலையத்தில் மெல்லிய தூறல். சண்முகராஜா டிரைவர் ஆசனத்தில் இருந்தபடியே ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டினார்.

“ரெண்டையும் போடுங்க. சட்டைப் பையில வச்சுக்கிறேன்.”

“ஒரு பையில வைக்கிற சாமான் இல்ல இது. மத்தக் கையையும் நீட்டுங்க.”

“என்னாங்க நானா, தாலியா கட்டப் போறீங்க?”

“நீட்டுங்க செல்றன். ஆறு முப்பத்தொண்டாச்சு.”

சண்முகராஜா மற்றக் கையையும் நீட்டினார். பைஸர் பச்சை நூல் கட்டியதை வலது கையில் வைத்து, “இது ஏறப் போக்குள்ள,” என்றார். சிவப்பு நூல் கட்டியதை இடது கையில் வைத்து, “இது எறங்கி வரக்குள்ள,” என்றார். பிறகு அவருடைய விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்.